சம்பளக் கணக்கு கணினியில் பதியாதபோது

பால் நிறுவை முடிந்ததும் எடையும் உலர் ரப்பர் விகிதமும் முன்னாளில் பேரேட்டில் எழுதப்பட்டன. இன்று பல தோட்ட அலுவலகங்களில் அவை எக்செல் அட்டவணையில் பதியப்படுகின்றன. கிராணிமார் யாவரும் தத்தம் கணினியிலிருந்து திறக்கத்தக்க பொது வட்டிலே அவ்வட்டவணை வைக்கப்படுவதுண்டு. சேமிக்கும் வேளையில் பிழை அறிவிப்புத் தோன்றினால் அன்றைய வெட்டுக் கணக்கே ஐயத்துக்குள்ளாகும். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7ஆம் நாளுக்குள் சம்பளம் வழங்கப்பட வேண்டும். எனவே அலுவலகப் பணியிலுள்ள நம் இளைஞர்கள் இத்தடையைக் களையும் வழியை அறிந்திருத்தல் நன்று.

முதலாவதாக, அட்டவணையை மூடிவிடலாகாது. தேதி சேர்த்த புதுப் பெயரில் அதனைத் தம் கணினியிலேயே சேமித்துக்கொள்ள வேண்டும். காரணத்தைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

எக்செல் பழைய கோப்பின்மீது நேரே எழுதுவதில்லை. அதே அடைவில் பொருளற்ற பெயருடைய தற்காலிகக் கோப்பொன்றை எழுதி, பழையதை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. ஏட்டைத் திருத்தாமல் முழுவதையும் புதுத்தாளில் படியெடுத்து, பழைய தாளைக் கிழித்தெறிவது போன்றதே இது. ஆகவே எழுத அனுமதி இருந்தும் நீக்க அனுமதி இல்லாதவருக்குச் சேமிப்பு தவறும். இடையில் இணைப்பு அறுந்தாலும், நச்சுநிரல் தடுப்பான் தற்காலிகக் கோப்பைப் பிடித்துக்கொண்டாலும் அவ்வாறே. பழைய கோப்பு மறைந்து, பெயர் புரியாத கோப்பு மட்டும் எஞ்சியிருந்தால் குப்பையென்று அழித்துவிடாதீர்! அதைப் படியெடுத்து, பெயரின் இறுதியில் எக்செல் கோப்புக்குரிய பின்னொட்டைச் சேர்த்துத் திறந்து பார்க்கலாம். கணக்கு அதற்குள் இருக்கக்கூடும்.

அடைவுக்குள் அடைவாகப் பெயர்கள் நீண்டு மொத்தம் 218 எழுத்தைக் கடந்தாலும் எக்செல்லின் பல பதிப்புகள் சேமிக்க மறுக்கும்.

வேறொருவர் திறந்து வைத்திருப்பதாக அறிவிப்பு வரலாம். திறந்தவரின் பெயரைக் குறிக்கும் சிறு மறைகோப்பு, மின்வெட்டால் கணினி அணைந்தபின் நீங்காமல் தங்கிவிடுவதுண்டு. அதன் பெயர் அலைக்குறியும் டாலர் குறியும் கொண்டு தொடங்கும். உண்மையில் எவரும் திறந்திருக்கவில்லை என்று கேட்டறிந்த பின்னரே அதை நீக்கலாம்.

பிரதியைப் பொது வட்டில் திரும்ப வைக்கும்போதுதான் பெருந்தவறு நேர்கிறது. இடைப்பட்ட நேரத்தில் மற்றொரு டிவிஷன் கிராணி பழைய கோப்பில் எடை பதிந்திருந்தால், மேலெழுதியதும் அந்த டிவிஷன் பால்வெட்டுவோரின் ஒருநாள் உழைப்பு ஓசையின்றி மறைந்துவிடும். ஆதலின் இரண்டையும் வரிவரியாக ஒப்பிட வேண்டும். நிறுவைச் சீட்டு வழங்கப்படும் தோட்டங்களில், சம்பளச் சீட்டோடு சரிபார்க்கும்வரை தொழிலாளர் அதனைப் பத்திரப்படுத்துவாராக.