ஒரு முழம் கருங்கம்பளி நூல்

மேட்டூர் அணை,
ஆடி 5

அன்புள்ள அம்மணிக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவை உன் பாட்டி நாலு தடவை போட்டுக் கேட்டாள். மொத்தம் மூன்று நிமிடம், அதில் இரண்டு நிமிடம் கோபம். போனிலேயே பதில் சொன்னால் நானும் அதே சுருதியில்தான் பேசுவேன் என்று தோன்றியது. அதனால் தாளை எடுத்துக்கொண்டேன். சாக்பீஸ் பிடித்த கை, இன்னும் எழுத்துக் கோணவில்லை.

இரண்டு சங்கதி சொல்லியிருந்தாய். முதலாவது, விடுதியில் ஒரு பெண் "உங்க வீட்ல ஆடு மேய்ப்பாங்களாமே" என்று கேட்டதும், "இல்லை, எங்க தாத்தா வாத்தியார்" என்று நீ பதில் சொன்னது. சொன்ன பிறகு உனக்கே ராத்திரி தூக்கம் வரவில்லை என்கிறாய். உன் சித்தப்பன் பட்டியில் இன்றைக்கும் அறுபது உருப்படி நிற்கிறது, நீ படிப்பதோ கால்நடை மருத்துவம், அதுவும் நாமக்கல்லில். நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1983-இல் என்று நினைவு. வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் நின்ற ஒரு பையனைப் பார்த்து "நீ ஆடு மேய்க்கத்தான்டா லாயக்கு" என்றேன். வகுப்பே சிரித்தது. ஆட்டுக்காரன் மகன் நான், இன்னொரு ஆட்டுக்காரன் மகனிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. என் அப்பா கொடாப்பைத் தூக்கிக் குட்டிகளைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். மேய்ச்சலிலிருந்து வந்த தாய்கள் கத்த, குட்டிகள் கத்த, ஒரே கூச்சல். அவருக்கு அப்போது கண் பாதிதான் தெரியும். ஒவ்வொரு குட்டியாகத் தூக்கி, காதையும் முதுகையும் ஒரு தடவு தடவி, அதனதன் தாய் மடியில் விட்டார். முப்பது குட்டிக்கு மேல் இருக்கும், ஒன்றுகூட மாறவில்லை. நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் அந்தப் பையனிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் கடன் இன்னும் நிற்கிறது. அடுத்த முறை யாராவது கேட்டால், "ஆமாம், நாங்கள் குறும்பர்" என்று மட்டும் சொல். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம், மார் தட்டுவதும் வேண்டாம்.

மார் தட்டுவது என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் பையன்கள் போனில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்களே, தொண்டை மண்டலத்தை நாம் ஆண்டோம், புழலில் கோட்டை கட்டினோம் என்று. மெக்கன்சி துரை திரட்டிய சுவடிகளில் குறும்பர் கோட்டைகளைப் பற்றிய கதைகள் உண்டுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராஜா என்று சொன்னால்தான் நமக்கு மதிப்பு என்றால், பட்டியில் படல் கட்டியவனுக்கு மதிப்பு இல்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சாதிச் சான்றிதழ் வழக்குகளைப் பற்றியும் இங்கே எழுதப்போவதில்லை. பழங்குடிப் பட்டியலில் இருக்கும் 'குருமன்ஸ்' நாமா வேறா என்று தாலுகா ஆபீஸ் வராந்தாவில் என் ஆயுளில் எவ்வளவு போயிற்று என்பது உன் அப்பனுக்குத் தெரியும்.

நம் கதை கோட்டையில் இல்லை அம்மணி, ஆட்டில் இருக்கிறது. நம் பெயரை ஒரு ஆடு சுமந்துகொண்டிருப்பது உனக்குத் தெரியும். உன் பாடப்புத்தகத்தில் 'திருச்சி கருப்பு' என்று போட்டிருப்பான், ஆட்டுக்காரர்கள் கருங்குறும்பை என்பார்கள். 'கோயம்புத்தூர்' என்று போட்டிருப்பதைக் குறும்பை என்பார்கள். இரண்டும் கம்பளி ஆடு. வருஷத்துக்கு இரண்டு முறை மயிர் கத்தரிப்பது, அதைக் கொட்டித் தக்களியில் நூற்பது, புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய கஞ்சியைப் பாவுக்குப் போட்டு விறைப்பாக்குவது, குழித்தறியில் கம்பளி நெய்வது, இவ்வளவும் ஒரு காலத்தில் நம் வீட்டு வேலை. மழையில் அந்தக் கம்பளியைக் கொங்காடை போட்டுக்கொண்டு என் தாத்தா நின்றால், சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது என்பார் அப்பா.

அந்தத் தாத்தாவின் ஊர் இப்போது அணைக்குள் இருக்கிறது. 1925-இல் அணை வேலை தொடங்கியபோது அப்பாவுக்குப் பத்து வயது. 1934-இல் முடிந்து தண்ணீர் நிறுத்தியபோது காவிரிக் கரையோரம் இருந்த மேய்ச்சல், கோயில், வீடு எல்லாம் போயிற்று. நீர்மட்டம் 120 அடியைத் தொட்டால் நாட்டுக்கே சந்தோஷம், டெல்டாவில் சோறு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அணை வற்றும் வருஷம், பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி தலை நீட்டும்போது, பத்திரிகைக்காரர்கள் போட்டோ எடுக்க வருவார்கள். நம்மவர்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள். முழுகிய நிலத்தில் முளைக்கும் புல் அவ்வளவு ருசி. அப்பா ஒருமுறை அங்கே ஒரு மேட்டைக் காட்டி, "இங்கதான்டா நம்ம பட்டி" என்றார். எனக்குச் சேறுதான் தெரிந்தது.

அதன் பிறகு கிழக்கே மேச்சேரிக் காட்டுக்கு வந்தார்கள். வெள்வேலங் காய் கிடைக்கிற காடு. இங்கே இருந்த ஆடு வேறு. நீ படிக்கிற அதே மேச்சேரி இனம்தான், மயிலம்பாடி என்றும் சொல்வார்கள். வெளிர் செந்நிறம், கொம்பு கிடையாது, குட்டைவால், கறிக்கு நல்லது, தோலுக்குத் தோல் மண்டியில் தனி மரியாதை. மேலே கம்பளி மட்டும் கிடையாது. மில் போர்வை மலிவாக வந்த காலம், கம்பளியை எவன் வாங்குவான்? ஐந்தாறு வருஷத்துக்குள் தாத்தா கறுப்பு ஆட்டையெல்லாம் விற்றுவிட்டுச் செவலைக்கு மாறினார். கணக்குச் சரிதான். 1978-இல் பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் வந்தபோது, நம்மிடம் இருப்பது இவ்வளவு பெரிய சரக்கா என்று ஊரே வாய் பிளந்தது.

ஆனால் சாமி அந்தக் கணக்கை ஏற்கவில்லை. உனக்கு நினைவிருக்கும், உன் அத்தை கல்யாணத்தில் மாப்பிள்ளை கையில் கட்டியது மஞ்சள் நூல் இல்லை, கறுப்பு நூல். நம் சொந்தமான கர்நாடகத்துக் குருபர்களிலேயே இதற்கு இரண்டு பிரிவு உண்டு. கல்யாணக் காப்புக்குப் பருத்தி நூல் கட்டுகிறவர்கள் ஹத்தி கங்கணம், கம்பளி நூல் கட்டுகிறவர்கள் உண்ணி கங்கணம். 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய புத்தகத்தில் இது இருக்கிறது. நாம் கம்பளிக்காரர்கள். ஆட்டில் கம்பளி போய் எண்பது வருஷம் ஆகியும் கையில் கம்பளி போகவில்லை. ஆனால் அன்றைக்கு மாப்பிள்ளைக்குக் கட்டிய நூல் எது தெரியுமா? சேலத்தில் ஸ்வெட்டர் பின்னும் நூல் விற்கிற கடையில் நானே வாங்கி வந்தேன். நெருப்பில் காட்டினால் பிளாஸ்டிக் மாதிரி உருகுகிற சரக்கு. பூசாரி மந்திரம் சொல்லிக் கட்டினார். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்தியது.

இனி இரண்டாவது சங்கதி. உன் தம்பி பிளஸ் டூ தேறினால் வீரபத்திரர் கோயிலில் தலையில் தேங்காய் உடைப்பதாக உன் அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள். "மூடநம்பிக்கை, தாத்தா, மண்டை ஓடு என்னவென்று எனக்குத் தெரியும்" என்கிறாய். எனக்கும் தெரியும், பாடம் படித்து அல்ல. 1967, வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைத்ததற்காக என் அம்மா வேண்டிய வேண்டுதல். வரிசையாக உட்கார வைத்தார்கள். முதல் ஓங்கலில் காய் உடையவில்லை. இரண்டாவதில் கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு வெளிச்சம் போயிற்று. அப்புறம் கழுத்தில் சூடாக ஏதோ இறங்கியது. மஞ்சளை அப்பினார்கள், "சாமி ஏத்துக்கிச்சு" என்றார்கள். சின்ன வயதில் என் உச்சியில் முடி இல்லாத இடத்தில் விரல் வைத்து நீ கேட்பாய், நிலைவாசல் இடித்தது என்பேன். அது பொய்.

வழக்கம் பழையதுதான். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமும் நம்மவர்கள் செய்கிறார்கள், தர்ஸ்டனும் எழுதியிருக்கிறார். பழையது என்பதற்காக உன் தம்பி தலையைக் கொடுக்க வேண்டியதில்லை, அது என் முடிவு. ஆனால் அம்மாவிடம் 'மூடநம்பிக்கை' என்ற சொல்லை எடுக்காதே. அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும், வேண்டுதல் முடியாது. பிள்ளை தேற வேண்டும் என்று ராத்திரியெல்லாம் விழித்தவள் அவள். காயைச் சாமி முன்னால் கல்லில் உடைத்து, ஒரு கிடாயைக் கோயிலுக்கு விடுவதாக மாற்றிக்கொள்ளச் சொல்லி நான் பேசுகிறேன். பெரியவர்கள் கூடி உத்தரவு கேட்டால் சாமி மாற்றிக்கொள்ளும், நான் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பு வரும். வரட்டும், தழும்பைக் காட்டிப் பேசக்கூடிய ஆள் ஊரில் நானும் இன்னும் நாலைந்து கிழவர்களும்தான்.

நம் வழக்கம் ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, கும்பிடுவதற்கு முன்னாலும் சிரிப்பதற்கு முன்னாலும், அது பட்டியில் என்ன வேலை செய்கிறது என்று ஒரு தடவை கேள். பனி காயுமுன் ஆட்டைத் திறக்காதே, புல்லில் பேய்ப்பனி இருக்கிறது என்பாள் பாட்டி. ஈரப் புல்லின் நுனி வரை குடற்புழு ஏறி நிற்கும் என்று உன் பேராசிரியர் சொல்லியிருப்பார். இரண்டும் ஒரே பேச்சு. இருப்பதில் நல்ல கிடாய்க்குட்டியைச் சாமிக்கு நேர்ந்துவிட்டால், திருவிழா வரை அதைச் சந்தைக்கு ஓட்ட மாட்டான். அதுவரை பட்டிக்குப் பொலிகிடா அதுதான். விலை வந்தவுடன் நல்லதை விற்றுவிட்டுச் சோப்ளாங்கியை வைத்து இனம் பெருக்குகிற புத்தி யாருக்கும் வரும், சாமிக்குப் பயந்து வராமல் இருந்தது. அதே சாமியின் பெயரால்தான் அம்மை கண்ட ஆட்டுக்கு ஊசி போடக்கூடாது என்று வேப்பிலை கட்டி உட்கார்ந்தோம். ஒரு ஐப்பசியில் பாதிப் பட்டி போயிற்று. அப்பா அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எல்லா வழக்கத்துக்குள்ளும் விஞ்ஞானம் இருக்கிறது என்று யாராவது மேடையில் சொன்னால் இதை நினைத்துக்கொள்.

இன்னும் ஒன்று. ஆடு எப்படி வந்தது என்று பாட்டி சொல்லும் கதை உனக்குத் தெரியும், உழவனாக இருந்த நம் மூதாதை புற்றை இடித்ததும் உள்ளேயிருந்து ஆடுகள் மந்தையாக ஓடி வந்த கதை. நம்மூர்க் கிழவிகளின் கற்பனை என்றுதான் நானும் வெகுநாள் இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, கர்நாடகத்தில் பீரேசுவரரைக் கும்பிடும் குருபர், மகாராஷ்டிரத்தில் அவரையே பீரோபா என்கிற தன்கர், தெலங்கானாவில் ஒக்கு என்னும் உடுக்கையை அடித்து பீரப்பா கதை பாடும் குருமர், எல்லோரும் இதே புற்றுக் கதையைச் சொல்கிறார்கள். அவர்கள் நம் வழித்தோன்றல்களோ நாம் அவர்கள் வழியோ, சொந்தம். ஆடு போன வழியே சாமியும் போயிருக்கிறது. கனகதாசரும் அந்தக் குலத்தில் பிறந்தவர்தான். வீட்டில் நாம் பேசும் கன்னடத்தைக் கேட்டு மைசூர்க்காரன் சிரிப்பான், அதற்காக அதை விடுதியில் மறைக்காதே. பாட்டியோடு போனில் அதிலேயே பேசு. பக்கத்தில் ஆள் இருந்தாலும் பேசு.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். தையில் உன் பெரிய அண்ணன் கல்யாணம். நாமக்கல்லிலிருந்து துறையூர் வழியாகப் பெரம்பலூர் பஸ் இருக்கிறது. உன் துறையில் விசாரித்தால் அந்தப் பக்கம் கருங்குறும்பை வைத்திருக்கிற ஆள் யாரென்று சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், மயிர் கத்தரிக்கும்போது இரண்டு கைப்பிடி வாங்கி வா. காசு வாங்க மாட்டேன் என்பார்கள், கட்டாயம் கொடு. நாம் யார் என்று கேட்டால் சொல். உன் பாட்டி பரணிலிருந்து தக்களியை இறக்கி எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துவிட்டாள். ஒரு முழம் நூல் போதும் என்கிறாள். மயிரைக் கழுவிவிடாதே, அப்படியே கொண்டு வா. ஆட்டுக் கொழுப்பு இருந்தால்தான் நூல் பிடிக்குமாம்.

உன்
தாத்தா