தங்கச்சி, முதலில் தேத்தண்ணியைக் கவனி

எடை குறைக்க நினைத்ததும் சோற்றை ஒரேயடியாக நிறுத்திவிடாதே, தங்கச்சி. சில நாள் தாங்குவாய். ஒரு கல்யாண விருந்து வந்தால் போதும், இறங்கிய எடை திரும்பவும் ஏறிவிடும். நம் சாப்பாட்டை விடாமலே இளைக்கலாம்.

ரந்தாவ், லாபு, சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களில் நம் அம்மாக்கள் விடியுமுன்னே பெரட்டுக்குப் போனார்கள். மேடு பள்ளம் ஏறி இறங்கிப் பால் மரம் வெட்டினார்கள், வாளி சுமந்து ஸ்டோர் வரை நடந்தார்கள். அந்த உழைப்புக்குத் தட்டு நிறையச் சோறு வேண்டியிருந்தது. நம்மில் பலர் இன்று பஸ் ஏறி செனவாங் தொழிற்சாலைக்குப் போய் நின்ற இடத்திலேயே வேலை செய்கிறோம், சோற்றின் அளவை மட்டும் குறைக்கவில்லை. 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் 15.6 விழுக்காடு.

நான் முதலில் கைவைக்கச் சொல்வது தேத்தண்ணியில். ஒரு கிளாஸில் ஊற்றும் இரண்டு மேசைக்கரண்டி டின் பாலிலேயே ஏறக்குறைய 20 கிராம் சீனி இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயந்திரம் ஒன்று குடித்தால் கணக்கை நீயே போட்டுக்கொள். 2019 ஜூலையில் அரசாங்கம் போட்ட இனிப்புப் பான வரி டின், பாக்கெட் பானங்களுக்குத்தான். கடையில் கலக்கும் தேத்தண்ணிக்கு அது கிடையாது, அங்கே நீதான் வாய் திறந்து சொல்ல வேண்டும். 'குராங் மானிஸ்' என்று தொடங்கு. நாக்கு பழகியதும் 'தே ஓ கோசோங்' கேள்.

அடுத்தது தட்டு. சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' நமக்கும் பொருந்தும். தட்டில் கால் பங்கு சோறு, இன்னொரு கால் பங்கு மீனோ கோழியோ முட்டையோ பருப்போ, மீதிப் பாதி காய்கறியும் பழமும். கங்கோங், பீர்க்கங்காய், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் முருங்கைக்கீரை எல்லாம் இந்தப் பாதிக்குத்தான். கெம்போங் மீனைப் பொரிக்காமல் புளிக்குழம்பில் போடு. காய்கறியை முதலில் பரிமாறு, பிறகு சோற்றுக்கு மிஞ்சும் இடம் தானாகவே குறையும்.

பசியாறாமல் வேலைக்குப் போகாதே. வெறும் வயிற்றோடு போனால் பத்து மணிக்கு நாசி லெமாக்கும் மீ கோரேங்கும் சேர்ந்தே உள்ளே போகும். இரண்டு தோசை, ஒரு முட்டை போதும்.

வாரத்துக்கு அரை கிலோ இறங்கினால் நிறைவு. இடுப்பையும் அளந்து வா, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

இனிப்புநீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறாயா? அப்படியானால் சாப்பாட்டைக் குறைக்கும் முன் கிளினிக் கெசிஹாத்தானில் கேட்டுவிடு. சீனி அளவு சட்டென இறங்கி மயக்கம் வரலாம். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு ரிங்கிட்தான்.