வண்டிக்கு நாமே ஆயில் மாற்றுவோம்

கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அதன்பின் நம்மில் பலர் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறோம். மாரிக்குப்பம் ரயில் நிலையம் வரை போகப் பழைய பைக்தான் துணை.

எஞ்சினுக்குள் பாகங்கள் உரசி ஓடுகின்றன. அவை தேயாமல் காப்பது ஆயில். ஓட ஓட அது கறுக்கும், வலுவிழக்கும். மாற்றாவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிறகு பெரிய செலவு வரும்.

ஸ்பிளெண்டர் போன்ற பைக்கில் மாற்றும் முறை:

1. வண்டியின் கையேட்டில் உள்ள ஆயில் எண்ணைப் படியுங்கள். டப்பாவிலும் அதே எண் இருக்கிறதா பாருங்கள்.
2. எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள்.
3. அடியில் தட்டு வையுங்கள். கீழ் போல்ட்டைக் கழற்றுங்கள். சூடான ஆயில், கை பத்திரம்!
4. முழுவதும் வடிந்ததும் போல்ட்டை வாஷருடன் முடுக்குங்கள்.
5. புது ஆயில் ஊற்றுங்கள். அளவுக் குச்சியைத் துடைத்து, திருகாமல் வைத்து எடுத்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டக்கூடாது.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். அது கிணற்று நீரைக் கெடுக்கும். கேனில் மூடி, பழைய ஆயில் சேர்க்கும் மெக்கானிக் கடையில் கொடுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

எழுதுவோம்:
ஆயில் மாற்றிய தேதி: ............
ஓடிய கிலோமீட்டர்: ............
அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீட்டர்: ............