கூன் விழுவது புத்தகப் பையாலா?

ஆரணியில் குழித்தறியில் நெய்பவர்களுக்கு இடுப்பு வலியும் கழுத்து வலியும் பழகிப்போனவை. அப்படிப்பட்ட வீட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை கூனி உட்கார்ந்து எழுதினால், 'இப்படியே இருந்தா முதுகெலும்பு வளைஞ்சிடும்' என்று பெரியவர்கள் பதறுவது இயல்புதான்.

வளையாது. கூனி உட்காருவது பழக்கம். நிமிரச் சொன்னாலோ குப்புறப் படுக்கவைத்தாலோ அந்தக் கூனல் மறைந்துவிடும். ஸ்கோலியோசிஸ் வேறு. அதில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கியும் கொள்கிறது. படுத்தாலும் முழுதாக நேராகாது. எக்ஸ்ரேயில் வளைவு 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால்தான் அந்தப் பெயர். பெரும்பாலானவர்களுக்கு இதன் காரணம் இன்றுவரை பிடிபடவில்லை. உட்காரும் விதமோ புத்தகப் பையோ காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

அப்படியானால் பை எவ்வளவு கனத்தாலும் பரவாயில்லையா? அதுவும் இல்லை. கனத்த பை தோளையும் முதுகையும் வலிக்கச் செய்யும். 2018 நவம்பரில் மத்திய அரசு 1, 2 வகுப்புகளுக்கு ஒன்றரைக் கிலோ, 3 முதல் 5 வரை 2–3 கிலோ என வரம்பு சொன்னது. அதற்கு முன்பே, 2012இல், தமிழகத்தில் வந்த, பாடநூலை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறையும் இந்தச் சுமையைக் குறைக்கத்தான்.

என் கவலையெல்லாம் 'சின்னப் பிள்ளைதானே, வளர வளரச் சரியாகிடும்' என்ற பேச்சைப் பற்றித்தான். எலும்பில் உண்மையான வளைவு இருந்தால், வயது குறையக் குறைய இன்னும் வளர வேண்டிய உயரம் அதிகம். வளைவு கூடவும் அதுவே இடம் கொடுக்கும். ஆகவே, குளிக்கவைக்கும்போது ஒருமுறை பாருங்கள்: கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்கள். முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடு தட்டினால் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு பள்ளிக்கு வந்தால் அவர்களிடமும் சொல்லலாம்.

எண்ணெய் போட்டு நீவினால் நேராகுமா? ஆகாது. வளரும் வயதில் வளைவு கூடாமல் தடுக்க உதவுவது பிரேஸ் எனப்படும், உடம்பில் அணியும் தாங்கி. 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், பத்து வயதைத் தாண்டியவர்களில் பிரேஸ் அணிந்தோரில் 72 சதவீதம் பேருக்கு வளைவு அறுவை சிகிச்சை அளவுக்குப் போகவில்லை. அணியாதோரில் 48 சதவீதம். நாளுக்குப் பதின்மூன்று மணி நேரமாவது போட்டவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல்.

நடு முதுகில் கூர்மையாகப் புடைத்து, ராத்திரி வலி, விடாத காய்ச்சல், எடை குறைவு என்று சேர்ந்தால் அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். அந்தப் பிள்ளையை நீவுபவரிடம் கொண்டுபோகவே கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனை. அங்கே காசநோய்க்கு மருந்து இலவசம்.