கதிர்காமப் பாதயாத்திரை: பையில் யாருக்கு இடம்?



யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கி, கிழக்குக் கரையோரமா கதிர்காமம் வரைக்கும் நடக்க ஒரு மாசத்துக்கும் மேல ஆகும். ஊர் வழியா போகும்போது கோயில்களில் அன்னதானம், தங்க இடம் கிடைச்சிடும். உகந்தை முருகன் கோயிலைத் தாண்டினா குமண, யால காடு. கடை கிடையாது. அரிசி, பருப்பு, தண்ணி எல்லாம் நம்ம தோள்லதான்.

அங்க ஒரு நாள் எப்படின்னா, விடியுமுன் எழுந்து வேலை வணங்கி, வெயில் ஏறுறதுக்குள்ள நடை. மத்தியானம் மர நிழல். சாயங்காலம் சமையல், பஜனை, தூக்கம். ஒருத்தரை ஒருத்தர் "சாமி"ன்னுதான் கூப்பிடுவோம்.

இளவயசுக் கால் வேகமா முன்னாடி போகும். ஆனா அது யானை நடமாடுற காடு. பின்னால வர்ற பாட்டி தனியாகிட்டா? அவங்க தண்ணி தீர்ந்துட்டா? அதனால கூட்டத்துல மெதுவா நடக்கிறவங்க வேகம்தான் நம்ம வேகம்.

நான் எப்பவும் ஒரு போத்தல் தண்ணி கூடுதலா எடுத்துப்பேன். அது எனக்கில்லை. "சாமி"ன்னு வாயால கூப்பிட்டா போதாது, தாகத்துக்குத் தண்ணியும் கொடுக்கணும்.

இந்த வருஷம் போறவங்க பையில அந்த ஒரு போத்தலுக்கு இடம் வைங்க.

வேலும் மயிலும் துணை! அரோகரா!