தறியை விட்டு எழும் நேரம்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆலைத் தொழிலாளருக்கு வாரம் 48 மணி நேர வேலை என வரம்பு கட்டியது. நேரம் முடிந்தால் சங்கு ஊதிற்று. சின்னாளப்பட்டிக் கைத்தறியோ வீட்டுக்குள்ளேயே இருப்பது. சங்கு ஊதுவார் எவருமில்லை. நெய்த அளவுக்கே கூலியாதலின், ‘இன்னும் ஒரு முழம்’ என்று இரவு நீள்கிறது. சோர்ந்த கண்ணுக்கு அறுந்த இழை புலப்படாது. தரம் பார்க்கையில் அக்குறை வெளிப்பட்டுக் கூலியில் பிடித்தம் நேரின், கண்விழித்து நெய்ததன் ஊதியம் எங்கே? ஆதலால் விளக்கேற்றும் வேளையில் நாடாவைக் கீழே வைத்துவிடுக. பகலிலும் மணிக்கொருமுறை தறிக்குழியினின்று எழுந்து சற்றே உலாவுதல் முதுகுக்கு நலம்.

தறி நின்ற பின்னும், பகலெல்லாம் தார் சுற்றிய இல்லாளின் வேலை நிற்பதில்லை, அடுப்பு காத்திருக்கிறது. அவர் உழைப்பை நாம் எந்தக் கணக்கேட்டிலும் எழுதுவதில்லை! அந்திப்பொழுதில் தண்ணீர் எடுத்தலையும் பிள்ளைகளின் பாடத்தையும் கணவரே ஏற்கலாம்.