குஞ்சுக்குச் சூடும் வேணும், காத்தும் வேணும்

2011-ல் தானே, 2024-ல் பெஞ்சல், இரண்டு புயலும் புதுச்சேரியை ஒட்டித்தான் கரையேறின. பக்கத்திலேயே இருக்கிற எங்க கோட்டக்குப்பத்தில் புயல்னா கரண்ட் போயிடும். பல்பை மட்டும் நம்பாமல் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு நான் கேஸ் புரூடர் வைத்திருக்கிறேன்.

புரூடரைச் சங்கிலியில் தொங்கவிடுங்க, கயிறு வேண்டாம். முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையுற மாதிரி உயர்த்தணும். குஞ்சுகளையும் பாருங்க: அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. சிலிண்டர் கொட்டகைக்கு வெளியே நிமிர்ந்து நிற்கட்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணி தடவுங்க. குமிழ் வந்தால் கசிவு. இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் குஞ்சு நிற்கிற தரையில்தான் தேங்கும்.

கடல் காத்துக்குப் பயந்து தார்ப்பாயை உச்சிவரை இழுத்துக் கட்டுறாங்களே, அதுதான் ஆபத்து. காற்று போதாவிட்டால் நீலமாக எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாகும், கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது. கூரையடியில் ஒரு சாணாவது திறந்திருக்கணும். உமித் தூசி பர்னர் துளையை அடைத்தாலும் இதே கதைதான். வாரம் ஒருமுறை கேஸை மூடி, ஆறவிட்டு, பிரஷால் துடைச்சிடுங்க.